ஏரி ஒன்று, பாடம் ஐந்து

(தொடக்கப்பள்ளி ஆசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்த ஒரு விடியலில் பள்ளிக்கு வரும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். வரும் வழியில் அது வாய்க்காலில் இறங்கி நின்றிருக்கும். நீர் முழங்காலைத் தொட்டதா, தொடையைத் தொட்டதா என்று அளந்திருக்கும். ஏரி நிரம்பினால் மறுகால் போகும் என்று பாட்டி சொன்னதைக் கேட்டிருக்கும். நேற்றில்லாத தவளை இன்று எங்கிருந்து வந்தது என்று வியந்திருக்கும். அளவு, அறிவியல், ஊர் வரலாறு, மொழி ஆகிய நான்கும் அதன் நெஞ்சில் ஒரே மழையாகப் பெய்து நிற்கின்றன. பள்ளி மணி அடிக்கின்றது. முதற் பாடவேளையில் கணக்கு; இரண்டாவதில் தமிழ்; மூன்றாவதில் அறிவியல். கணக்கில் மாம்பழ வணிகர் ஒருவர் வருகின்றார். தமிழில் மயிலொன்று ஆடுகின்றது. அறிவியலில் பற்களின் வகைகள். குழந்தை கொண்டு வந்த மழை மட்டும் வகுப்பறை வாயிலிலேயே நின்று விடுகின்றது.

இக் குறையை நீக்குவதற்கென எழுந்ததே பாடங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கற்பிக்கும் முறை. ஒரு பொருளை நடுவே வைத்து, அதனைச் சுற்றிக் கணக்கையும் மொழியையும் அறிவியலையும் வரலாற்றையும் தொடுப்பது அம்முறை. அதனைத் திட்டமிடுவது எவ்வாறு, எங்கெங்கே வழுக்கி விழ நேரும் என்பவையே இன்றைய பொழிவின் பொருளாகும்.

இம்முறை வந்த வழி

இது நேற்று முளைத்த புதுமையன்று. அமெரிக்கப் பேரறிஞர் சான் டூயி 1896இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் சமைத்தலும் நெய்தலும் மரவேலையுமே பாடங்களுக்கு நடுவாக நின்றன. பெல்சியம் நாட்டு மருத்துவர் தெக்ரோலி 1907இல் பிரசெல்சு நகரில் நிறுவிய பள்ளியில் உணவு, காப்பு, உழைப்பு போன்ற குழந்தையின் அடிப்படைத் தேவைகளே பாடங்களைக் கட்டும் கயிறாயின. கில்பாட்ரிக்கு என்பார் 1918இல் செயல்திட்ட முறையை வரைந்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் காந்தியடிகள் 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியும், அதற்குப் பாடத்திட்டம் வகுத்த சாகிர் உசேன் குழுவும், கைத்தொழில், இயற்கைச் சூழல், குமுகச் சூழல் என்னும் மூன்றையும் பாடங்களின் நடுவாக வைத்தன. பின்லாந்து நாட்டில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், பல பாடங்களை இணைத்த கற்றற்பகுதி ஒன்றேனும் ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவர்க்கும் அமைய வேண்டுமென விதித்தது.

புகழ் பாடி நின்றுவிடுதல் அறிவுடையார்க்கு அழகன்று. இம்முறை தோற்ற இடங்களையும் காணவேண்டும். ஆதாரப் பள்ளிகள் பலவற்றில் இணைப்பு வெறுஞ் சடங்காயிற்று. நூற்கும் தக்களியிலிருந்தே எல்லாப் பாடங்களையும் இழுத்து வருவதற்கு ஆசிரியர் அல்லலுற்றனர், ஒட்டாதவற்றை ஒட்டவைத்தனர். இங்கிலாந்தில் 1967இல் பிளௌடன் அறிக்கை குழந்தையை நடுவாக வைத்த கல்வியைப் போற்றியது. பல பாடங்களைக் கலந்த பொருள்வழிப் பாடமும் அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் பெருகிற்று. ஆனால் 1992இல் வல்லுநர் மூவர் அளித்த அறிக்கை அப்பாடங்களிற் பல ஆழமற்றுப் போனதை எடுத்துக்காட்டிக் கடிந்தது. மீன் படம் வரைதலும் மீனை எண்ணுதலும் மீன்பாட்டுப் பாடுதலும் இணைப்பாகா. ஏழு மீனை எண்ணுதல் முதல் வகுப்புக் கணக்கு. அதனை நான்காம் வகுப்பில் வைத்தால் குழந்தை மூன்றாண்டு பின்னே தள்ளப்பட்டதென்றே பொருள்.

தமிழ்நாட்டிற்கெனத் தனிப்படிப்பினை ஒன்றும் உண்டு. 1953இல் இராசாசி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டுமென்று திட்டமிட்டது. குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்தது. காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது. குழந்தையின் சூழலிலிருந்து கல்வியைத் தொடங்குவது வேறு. குழந்தையை அச் சூழலிலேயே கட்டிப்போடுவது வேறு. குயவர் மகள் மண்ணைப் பற்றி அறிந்திருப்பதைப் பள்ளி மதிக்க வேண்டும். ஆனால் அவள் பானை வனையவே பிறந்தவள் என்று பள்ளி எண்ணிவிடலாகாது. இணைப்புப் பாடம் திட்டமிடும் ஆசிரியர் எவரும் இவ் வேறுபாட்டை ஒரு நொடியும் மறத்தலாகாது.

ஏன் இன்று வேண்டும்?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்களையே வரையறுத்தது. ஐந்து வகுப்புகளுக்குமாகச் சேர்த்துப் பார்த்தால் பாடங்கள் இருபதைத் தாண்டுகின்றன. இருவர் எவ்வளவுதான் முயன்றாலும் இருபது பாடங்களைத் தனித்தனியே நடத்த நாளில் நேரமில்லை. ஒரு வகுப்பிற்குக் கற்பிக்கும்போது மற்ற வகுப்புகள் எழுதியதையே எழுதிக்கொண்டிருக்கும். ஈராசிரியர் பள்ளியில் இணைப்புப் பாடம் அணிகலன் அன்று, உயிர்மூச்சு ஆகும். மூன்று வகுப்புக் குழந்தைகளும் ஒரே பொருளை நோக்கி அமர்ந்து, அவரவர் படிக்கேற்ற வேலையைச் செய்யும் ஒழுங்கு அதனாலேயே கிட்டும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பல வகுப்புக் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்து கற்கும் நிலையைக் கருத்திற் கொண்டவையே. எனினும் மேலிருந்து வரும் அட்டைகளும் பயிற்சி நூல்களும் ஓர் ஊரின் ஏரியை அறியா. அதனை அறிந்தவர் அவ்வூர் ஆசிரியரே.

திட்டமிடலின் நான்கு கட்டளைகள்

முதலாவது: நடுப்பொருள் குழந்தை நடந்து சென்று தொடக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். ஏரி, கிணறு, சந்தை, பனை, தறி, உப்பளம், படகுத்துறை என ஊருக்கேற்ப அது மாறும்.

இரண்டாவது: தலைப்பு போதாது, வினா வேண்டும். ‘ஏரி’ என்பது தலைப்பு. ‘ஏரி நீர் தை அறுவடை வரை நிற்குமா?’ என்பது வினா. தலைப்பு பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும். வினாவோ அவற்றை ஒன்றுக்கொன்று தேவையாக்கும். விடை காணக் கணக்கு வேண்டும்; கணக்கிடுவதற்கு அளவை வேண்டும்; அளவை ஏன் நாள்தோறும் மாறுகின்றதென்று அறிய அறிவியல் வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு பாடத்திற்கும் அவ்வகுப்பிற்குரிய குறிக்கோள் ஒன்றைத் தனியே எழுதவேண்டும். அக் குறிக்கோளை எழுத முடியாத பாடத்தை விட்டுவிடுக. ஆங்கிலமோ ஓவியமோ இயல்பாகச் சேரவில்லையெனின் வலிந்து சேர்த்தல் வேண்டா. மூன்று பாடங்கள் நன்கிணைந்தால் அதுவே போதும்.

நான்காவது: படித்தற் பயிற்சியும் அடிப்படைக் கணக்குப் பயிற்சியும் காலைப் பொழுதில் நாள்தோறும் தனியே நடைபெற வேண்டும். ஏணியின் படிகளை ஏறிய பின்னரே மாடியிலிருந்து ஊரைக் காணமுடியும். இணைப்புப் பாடம் பிற்பகலுக்குரியது.

ஏரிப்பாடம்

ஓர் ஊரை எண்ணிக்கொள்க. மழைநீரை நம்பிய ஏரி, கீழே நெல்வயல், ஈராசிரியர் பள்ளி, 42 குழந்தைகள். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில். கார்த்திகைக் கடைசி. இரண்டு கிழமைக்கான திட்டம் இது.

முதல் நாள் குழந்தைகள் ஏரிக்கரைக்குச் செல்கின்றனர். ஆசிரியரோடு ஊர்ப் பெரியவர் இருவரேனும் உடன் செல்ல வேண்டும், குழந்தைகள் கரையின் மேலேயே நிற்கவேண்டும், நீரில் இறங்கலாகாது. மதகு, மடை, கலிங்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் பெரியவரே காட்டிப் பெயர் சொல்கின்றார். நீரளவு காட்டும் கோடுகள் இட்ட மூங்கிற் கழியொன்றைப் பெரியவர் மதகருகே நட்டுத் தருகின்றார். இனி நாள்தோறும் இரு குழந்தைகள், பெரியவர் ஒருவர் துணையோடு, கரையிலிருந்தே அக் கோட்டைப் படித்து வந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவர்.

கணக்கு இங்கே தொடங்குகின்றது. மூன்றாம் வகுப்பினர் நீரை முகந்து அளக்கின்றனர். படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதைக் கையால் ஊற்றிக் கண்ட குழந்தைக்கு அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்கள் ஓசையாக நில்லாமல் பொருளாகி விடுகின்றன. பிறகு அதே நீரை இலிட்டரில் அளந்து ஒப்பிடுகின்றனர். நான்காம் வகுப்பினர் நாள்தோறும் குறைந்த நீர்மட்டத்தைப் பட்டை வரைபடமாக வரைகின்றனர். கழியில் 120 செ.மீ. நீர் நிற்கின்றது, நாளொன்றுக்கு 2 செ.மீ. குறைகின்றது, அப்படியே குறைந்தால் 60 நாள் நிற்கும், அஃதாவது தைக் கடைசி வரை. ஆனால் மதகு திறந்த நாளில் பட்டை திடீரெனச் சுருங்குகின்றது. அப்போது, ‘நாள்தோறும் ஒரே அளவாகக் குறையுமா?’ என்னும் வினா குழந்தையிடமிருந்தே பிறக்கின்றது. கணக்கின் விடை சரியாயிருந்தும் ஏரியின் விடை வேறாகலாம் என்று உணர்வது பெருங்கல்வி ஆகும்.

ஐந்தாம் வகுப்பினர் மழையை அளக்கின்றனர். நேர்ச்சுவரும் தட்டையடியும் உடைய ஏனமொன்றை வெட்டவெளியில் வைத்து, மழை நின்றபின் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழையளவு. அகன்ற ஏனத்தில் குறைவாகவும் குறுகிய ஏனத்தில் மிகுதியாகவும் காட்டாதா என்று குழந்தைகள் வழக்கிடுவர். இரண்டையும் வைத்துப் பார்க்கச் சொல்க. சுவர் நேராயிருந்தால் உயரம் ஒன்றே. அடுத்து, ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்த மழை ஓர் இலிட்டர் என்னும் உண்மை. பள்ளிக் கூரை 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் எனின் பரப்பு 60 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் கூரையில் விழுவது 1500 இலிட்டர். 42 குழந்தைகள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் இலிட்டர் குடித்தால் 35 நாளைக்குப் போதும். 30 இலிட்டர் மிஞ்சும். ஓரிரவு மழை ஒரு திங்களுக்கு மேல் பள்ளியின் நீர்வேட்கையைத் தணிக்கும் என்று தன் கையால் கண்டறிந்த குழந்தை, கூரைநீர் தெருவில் ஓடுவதை இனி வாளா பார்த்துக்கொண்டிராது.

சொல்லிலிருந்து அறிவியலுக்கு

இணைப்பின் முதுகெலும்பு மொழியே. ஏரி ஏன் குறைகின்றது என்று ஆசிரியர் கேட்டால், ‘வத்திப்போச்சு’ என்று குழந்தை சொல்லும். ஈரத்துணி என்னாகும்? காயும், உலரும். அடுப்பில் வைத்த குழம்பு? சுண்டும். வற்றுதல், உலர்தல், காய்தல், சுண்டுதல் என்று தமிழ் தனித்தனிச் சொல் வைத்திருக்கின்றது. இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ‘இவற்றுள் பொதுவாக நிகழ்வது என்ன?’ என்று கேட்பதே தமிழ்ப்பாடத்தையும் அறிவியற் பாடத்தையும் ஒருசேரத் தொடும் வினாவாகும். நீர் எங்கோ போகின்றது. கண்ணுக்குப் புலப்படாமல் போகின்றது. ஆவியாதல் என்னும் சொல்லை ஆசிரியர் அப்போது கொடுக்க வேண்டும். இட்டிலிச் சட்டியில் ஆவி பறப்பதைக் கண்ட குழந்தைக்கு அச்சொல் அயலன்று.

இனி ஆய்வு. ஒரே அளவு நீரைத் தட்டிலும் சொம்பிலும் ஊற்றி ஒரே வெயிலில் வைக்க. எது முதலில் வற்றுகின்றது? அடுத்த நாள் ஒத்த தட்டுகள் இரண்டு. ஒன்று வெயிலில், மற்றொன்று நிழலில். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவதே ஆய்வின் ஒழுக்கம் என்பதை ஒன்பது அகவைக் குழந்தையும் உணரும். பிறகு மண்ணில் சிறுகுழி தோண்டி ஒரு சொம்பு நீர் ஊற்றச் சொல்க. சற்று நேரத்தில் நீரைக் காணோம். அதில் பெரும்பகுதியை மண் குடித்துவிட்டது. ஆகவே ஏரி வற்றுதல் என்னும் ஒரு சொல்லுக்குள் ஆவியாதல், மண்ணில் ஊறுதல், மதகின் வழியே பாய்தல், கரையிற் கசிதல் என நான்கு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. குழந்தையின் சொல்லைப் பள்ளி அழித்துவிடவில்லை, திறந்து காட்டியது. பொருள் விளங்காத அயன்மொழியில் இப்பாடத்தை நெட்டுருச் செய்யும் குழந்தைக்கு இவ் வாயில் திறப்பதேயில்லை. தாய்மொழி வழிக் கல்வியின் தேவைக்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

வரலாறும் இவ்வேரிக்குள்ளேயே கிடக்கின்றது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. ஊரவைக்குக் குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது. பெருமையோடு இதனைச் சொல்லும் ஆசிரியர், நிலமும் மனையும் உடையவர்க்கே அவ் வாரியத்தில் இடமிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஏரியைத் தூர் வாரியவர்க்கு அதில் இடம் இருந்திருக்குமா?’ என்று ஐந்தாம் வகுப்பினரைக் கேட்க. வகுப்பறையில் ஏரி வாரியம் ஒன்றைக் குடவோலையால் அமைத்து, எவரையும் விலக்காத விதிகளைக் குழந்தைகளே எழுதட்டும். அது தமிழில் கட்டுரைப் பயிற்சியுமாகும்.

மதிப்பீடும் பதிவும்

இரண்டு கிழமை முடிவில் கண்காட்சி வைத்துக் கைதட்டிக் கலைந்தால் பயனில்லை. ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே மூன்று வினா கேட்க வேண்டும்: கணக்கில் ஒன்று, அறிவியலில் ஒன்று, எழுத்தில் ஒன்று. குழு வென்றதற்குள் ஒரு குழந்தை தோற்று ஒளிந்திருக்கக் கூடும். அதனைக் கண்டுபிடிப்பதே மதிப்பீடு.

பாடம் முடியவில்லையென்று கல்வி அலுவலர் கடிந்துகொள்வாரோ என்னும் அச்சம் இயற்கையே. அதற்கு மருந்து ஒரு தாள். இடப்பக்கத்தில் நாளும் செயலும். வலப்பக்கத்தில் அச்செயல் எந்த வகுப்பின் எந்தப் பாடத்தில் எந்தப் பகுதியை நிறைவேற்றியது என்னும் குறிப்பு. பின்னம், பரப்பு, வரைபடம், நீரின் மாற்றங்கள், ஊராட்சி என வரிசையாக எழுதிக் காட்டினால், நடத்தியது விளையாட்டன்று, பாடமே என்பது விளங்கும். எழுதிப் பார்க்கையில் வலப்பக்கம் வெறுமையாயிருக்கும் செயல் எதுவோ அதனை ஆசிரியரே நீக்கிவிடலாம்.

கடைசி இருக்கைக் குழந்தை

ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் மதகு திறந்து நீர் பங்கிடுபவரை நீர்க்கட்டி என்பர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினர், நிலமற்றவர். அவர் மகன் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பான்; வாசிப்பில் தடுமாறுவான்; ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்த நாள்கள் குறைவாகவே இருக்கும். ஏரிப்பாடம் நடக்கும் நாளில், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் விடவேண்டும், கரை எங்கே கசியும் என்னும் வினாக்களுக்கு விடையறிந்தவன் அவன் ஒருவனே. வகுப்பு முழுதும் அவன் பக்கம் திரும்புகின்றது. அவன் சொல்வதை ஐந்தாம் வகுப்பு மாணவி தாளில் எழுதுகின்றாள். மறுநாள் அத் தாளைப் படித்துக் காட்டும் முறை அவனுடையது. தான் சொன்ன சொற்களே எழுத்தாகி நிற்பதனால், அவற்றைப் படிக்கும் துணிவு அவனுக்கு வருகின்றது.

திட்டம் அங்கே முடிந்துவிடலாகாது. அவன் தந்தையின் தொழிலை அறிந்தவன் என்று தட்டிக்கொடுத்து அங்கேயே நிறுத்தினால் அது குலக்கல்வியின் மறுபிறப்பாகும். மதகிலிருந்து வரைபடத்திற்கும், வரைபடத்திலிருந்து கணக்கிற்கும், கணக்கிலிருந்து நீரியலுக்கும் அவன் ஏறவேண்டும். நாளை அவ்வேரியை அளந்து திட்டமிடும் பொறியாளர் நாற்காலியில் அவன் அமர்வதற்குத் தடையேதும் இருத்தலாகாது. பாடங்களை இணைப்பதன் பயன் பாடங்களில் இல்லை. பள்ளிக்கு வெளியே நின்றுவிட்ட குழந்தையைப் பள்ளியோடு இணைப்பதில் இருக்கின்றது.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த மழை பெய்யுமுன் ஒரு தாளை எடுங்கள். ஊரில் ஒரு பொருளைத் தேர்ந்து ஒரு வினாவை எழுதுங்கள். மூன்று குறிக்கோளைக் குறியுங்கள். இரண்டு கிழமை நடத்திப் பாருங்கள். மழையோடு வரும் குழந்தை, இம்முறை மழையோடே வகுப்பறைக்குள் நுழையட்டும்!